அட்டையில் அச்சிட்ட விலை



1979-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்தது. இரண்டு பெரிய தட்டுகள் அடங்கிய தொகுப்பு. அதன் மேலட்டையிலேயே, 3 பவுண்டுக்கு மேல் இதற்கு யாரும் கொடுக்க வேண்டாம் என்று பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. விற்கிறவன் வாங்குகிறவனைப் பார்த்து, “இதற்குமேல் உன்னிடம் எவராவது கேட்டால் கொடுக்காதே” என்று சொல்லும் பொருளை நாம் கடைத்தெருவில் அடிக்கடி காண்பதில்லை. கடைக்காரர் தம் விருப்பம்போல் விலையை ஏற்றிவிடாதபடி, தயாரித்தவர்களே அட்டையில் வேலி கட்டியிருந்தார்கள்.

அந்தத் தொகுப்பை வெளியிட்டவர்கள் ‘கிராஸ்’ என்னும் பங்க் ராக் இசைக்குழுவினர். இது அவர்களுடைய இரண்டாவது தொகுப்பு. அதன் பெயர் ‘ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி கிராஸ்’. சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்களோ, அதே ஓசை. ஆனால் குழுவின் பெயராகிய ‘கிராஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சிலுவை என்று பொருளல்ல. முரட்டுத்தனமான, நயமற்ற என்று பொருள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாற்றம் மட்டுமே உண்டு. நம் எழுத்தில் எழுதினாலோ இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. சிலுவையையும் முரட்டுத்தனத்தையும் பிரித்துக் காட்ட இயலாமற்போகும் அந்த எழுத்து மயக்கம் என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது.

ஒரு போதகருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபையில் ஒரு தாய் இருக்கிறார்கள். கணவர் உயிரோடிருந்த காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து, இட்லி விற்று மகனைப் படிக்க வைத்தவர்கள். அந்தத் தம்பி இன்று ஐரோலியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறான். ஞாயிறு ஆராதனையில் பேஸ் கிதார் வாசிப்பான். கடந்த ஆண்டு சில மாதங்களாக அவன் திருவிருந்தில் பங்கெடுக்கவில்லை. ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்தபின் அந்தத் தாய் ஒரு கறுப்புச் சட்டையைப் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் வட்டமான ஒரு சின்னம். நடுவே சிலுவை போன்ற வடிவம். அதைச் சுற்றிப் பாம்பு.

“ஐயா, இது பிசாசின் சின்னம்தானே? எரித்துப்போடவா? இந்தப் பாட்டைத்தான் இராத்திரி முழுக்கக் கேட்கிறான்” என்றார்கள்.

“எரிக்க வேண்டாம் அம்மா. அது என்னவென்று நான் படித்துப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு தம்பியிடம் பேசுகிறேன்” என்றேன்.

அந்தச் சட்டையிலிருந்த சின்னம் கிராஸ் குழுவினுடையது. மூன்று வாரங்கள் அவர்களைப் பற்றிப் படித்தேன். படித்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன். நம் பிள்ளைகளின் காதுகளில் என்ன ஒலிக்கிறது என்று அறியாமல் அவர்களுக்காக ஜெபிப்பது கடினம்.

கோபத்தையும் விலைக்கு வாங்கிய காலம்

1976, 1977-ஆம் ஆண்டுகளில் இலண்டனில் பங்க் ராக் எழுந்தது. வேலையின்மையும் விலைவாசியும் இளைஞரை வாட்டிய காலம். நன்றாக வாசிக்கத் தெரியாதவனும் மேடையேறலாம், கோபம் ஒன்றே போதும் என்பது அதன் போக்கு. ஆனால் அந்தக் கோபத்தையும் பெரிய நிறுவனங்கள் விலைபேசின. 1977 ஜனவரியில் ‘தி கிளாஷ்’ என்னும் குழு சி.பி.எஸ். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. தொகை ஒரு இலட்சம் பவுண்டு என்று சொல்லப்பட்டது. ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவோ இ.எம்.ஐ., ஏ அண்ட் எம், வர்ஜின் என்று சில மாதங்களுக்குள் மூன்று நிறுவனங்களைக் கண்டது. கலகமும் ஒரு சரக்காயிற்று.

இதே 1977-இல்தான் கிராஸ் குழுவும் உருவானது. பென்னி ரிம்போ, ஸ்டீவ் இக்னோரண்ட் என்னும் இருவர் தொடங்கினர். அவை அவர்கள் தாங்களே சூடிக்கொண்ட பெயர்கள். இலண்டனுக்கு வெளியே எசெக்ஸ் மாவட்டத்தில் ‘டயல் ஹவுஸ்’ என்னும் பழைய பண்ணைவீட்டில் ரிம்போவும் ஓவியர் ஜீ வௌச்சரும் 1967 முதல் கூட்டாக வாழ்ந்துவந்தனர். வருகிற எவருக்கும் திறந்த கதவு. தோட்டத்தில் விளைவதைப் பகிர்ந்து உண்பது. எழுதுகிறவர்களுக்குக் கைப்படப் பதில் எழுதுவது. குழுவினர் மேடையில் அனைவரும் கறுப்பு உடையே அணிந்தனர். ஒருவர் முகம் மற்றவர் முகத்தைவிடப் பெரிதாகத் தெரியக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். தட்டின் அட்டையில் பாடகரின் படத்தைப் போட்டு விற்கும் வழக்கத்தை அவர்கள் விட்டுவிட்டனர்.

இரண்டு நிமிட மௌனம்

அவர்களுடைய முதல் வெளியீட்டின் பெயர் நமக்கு மிகவும் பழக்கமானது: ‘ஐயாயிரம் பேரைப் போஷித்தல்’. தயாரிக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை 5000 தட்டுகள் என்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள். நான்கு சுவிசேஷங்களிலும் எழுதப்பட்டுள்ள அற்புதத்தை எண்ணிக்கைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தட்டின் முதற்பகுதியாக ஓர் உரைப்பகுதி வரவேண்டியிருந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவை நேராக விளித்து, உலகின் யுத்தங்களுக்கும் பெண்களின் துயரங்களுக்கும் அவரையே குற்றம்சாட்டும் கொடிய வசைமொழி அது. நான் அதை வாசித்தேன். என் நெஞ்சு கலங்கியது. அதன் ஒரு வரியையும் இங்கே எழுதமாட்டேன்.

தட்டை அச்சிடவேண்டிய தொழிற்சாலை அயர்லாந்தில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அந்தப் பகுதியை அச்சிட மறுத்துவிட்டார்கள். அவர்கள் சபைத்தலைவர்களல்ல, வார இறுதியில் கூலி வாங்குகிற தொழிலாளிகள். தங்கள் ஆண்டவரைத் தூஷிக்கும் தட்டைத் தங்கள் கைகள் செய்யாது என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மனச்சாட்சி என்பது மேடையில் பேசப்படும் பொருளாக இல்லாமல் வேலைத்தளத்தில் நிற்கும் பொருளாக அன்று விளங்கியது.

கிராஸ் குழுவினரும் அந்த இடத்தை வேறொரு பாட்டால் நிரப்பவில்லை. அங்கே இரண்டு நிமிட மௌனத்தை வைத்து, அதற்குச் ‘சுதந்திரப் பேச்சின் ஒலி’ என்று கேலியாகப் பெயரிட்டார்கள். ஒருபுறம் அச்சிடமாட்டோம் என்றவர்களின் மனச்சாட்சி. மறுபுறம் மாற்றமாட்டோம் என்றவர்களின் பிடிவாதம். அந்த இரண்டு நிமிட அமைதியில் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. யாரும் யாரையும் அடிக்கவில்லை. எவருடைய கடையும் உடைக்கப்படவில்லை. மத விஷயத்தில் கைகலப்புகளைக் கண்ட நம் நகரங்களில் வாழும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

பின்னர் அவர்கள் கையிலிருந்த பணத்தைக் கொண்டு அந்த உரையைத் தனித்தட்டாகத் தாங்களே வெளியிட்டனர். இங்கிலாந்தில் தெய்வநிந்தனைச் சட்டம் அப்போது உயிரோடிருந்தது; 1977-இல்தான் ஒரு பத்திரிகை அந்தச் சட்டத்தின்படி தண்டிக்கப்பட்டிருந்தது. காவல்துறையினர் விசாரித்தார்கள்; ஆயினும் வழக்கு நடக்கவில்லை. அந்தச் சட்டமும் 2008-இல் நீக்கப்பட்டது.

அந்தத் தனித்தட்டின் விலை 45 பென்ஸ். மதிப்புக்கூட்டு வரியைக் கணக்கில் சேர்க்க மறந்ததால் விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் நஷ்டம் வந்தது. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன உவமையை அவர்கள் அன்று நினைத்திருந்தால் நலமாயிருக்கும்!

இரண்டாம் தொகுப்பும் அதன் விளம்பரமும்

இரண்டாவது தொகுப்புக்கு வருவோம். முதல் தட்டை வெளியிட்ட சிறு நிறுவனத்துக்குத் தங்களால் வந்த தொல்லை போதும் என்று எண்ணி, ‘கிராஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தங்கள் சொந்தப் பெயரில் வெளியிடத் துணிந்தனர். பணம் போதவில்லை. தங்களோடு மேடைகளில் சேர்ந்து பாடிய ‘பாய்சன் கேர்ள்ஸ்’ என்னும் மற்றொரு குழுவிடம் கடன் வாங்கினார்கள். போட்டிக்குழு கடன் கொடுக்கிறது. கடன் வாங்கியவர்கள் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். வணிகப் பள்ளியில் இப்படிச் சொல்லிக்கொடுப்பார்களா என்பது ஐயமே.

1979 ஆகஸ்டில் வட இலண்டனில் ஜான் லோடர் என்பவரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடல்கள் பதிவாயின. நான்கு பக்கங்களில் மூன்று அங்கே பதிவானவை. நான்காவது பக்கம் அதே மாதம் 7-ஆம் தேதி இஸ்லிங்டனில் ‘பைட் புல்’ என்னும் விடுதியில் நடந்த மேடை நிகழ்ச்சி. அட்டை மடிப்பு மடிப்பாக விரிந்து சுவரொட்டியாகும். பாடல்களின் சொற்கள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. தட்டுக்கு அவர்கள் இட்ட எண்ணிலும் ஒரு செய்தி இருந்தது. 521984 என்பது அந்த எண். 1984-ஆம் ஆண்டுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் என்று அதற்குப் பொருள்.

விளம்பரம் எவ்வாறு செய்தார்கள்? பத்திரிகையில் முழுப்பக்க அறிவிப்பு இல்லை. வானொலியின் தயவு இல்லை. அட்டைத்தாளில் எழுத்துகளை வெட்டி, அதைச் சுவரில் வைத்து, மேலே வண்ணத்தைப் பீய்ச்சுவார்கள். யுத்தத்துக்கும் பேராசைக்கும் எதிரான வாசகங்களை இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களில், பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள்மேல் இவ்வாறு பதித்தார்கள். இந்தத் தொகுப்பின் அட்டைப்படமே பாண்ட் ஸ்ட்ரீட் நிலையச் சுவரில் பதிக்கப்பட்ட அவர்களுடைய வாசகத்தின் புகைப்படம்தான். ‘ஸ்டேஷன்’ என்றால் சிலுவைப்பாதையின் நிலை. இரயில் நிலையமும் அதுவே. நம் மொழியிலும் நிலை, நிலையம் என்று அந்தச் சிலேடை ஏறக்குறையப் பிழைத்துக்கொள்கிறது.

பொதுச்சுவரைக் கெடுப்பது சட்டப்படி குற்றம். நான் அதை ஆதரிக்கவில்லை. மும்பை இலோக்கல் இரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்யும் நீங்கள், அந்தப் பெட்டியின் சுவர்களில் ஒட்டப்பட்டுள்ளவற்றை அறிவீர்கள். ஒரே இரவில் பணக்காரனாக்கும் வித்தை, பிரிந்த காதலியைச் சேர்த்து வைக்கும் பாபா, இவற்றின் நடுவே சில சமயம் நம்முடைய சுகமளிக்கும் கூட்டத்தின் ஒட்டுத்தாளும் இருக்கும்.

விலை எப்படிக் குறைந்தது என்பதில் மர்மம் எதுவுமில்லை. மேலாளருக்குப் பங்கு இல்லை; விளம்பரச் செலவு இல்லை; அட்டை ஓவியம் வீட்டிலேயே வரையப்பட்டது; உறுப்பினர்கள் ஒரே கூரையின்கீழ் எளிமையாக வாழ்ந்தனர். மிஞ்சிய பணத்தைக்கொண்டு பிற குழுக்களின் தட்டுகளை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற பாடகி பியோர்க், ஐஸ்லாந்தில் இளம்வயதில் பாடிய ‘குக்ல்’ குழுவின் தொகுப்பையும் 1984-இல் வெளியிட்டது கிராஸ் ரெக்கார்ட்ஸே.

அந்தத் தம்பி கேட்ட கேள்வி

இவ்வளவையும் படித்தபின் அந்தத் தம்பியைத் தேநீருக்கு அழைத்தேன். சட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை. “அந்த இரண்டாவது தட்டின் விலை 3 பவுண்டு என்று அட்டையிலேயே போட்டார்களாமே?” என்றேன். அவன் முகம் மாறியது. சற்றுநேரம் என்னையே பார்த்தான்.

“ஐயா, நீங்கள் அதைப் படித்தீர்களா?”

“படித்தேன். சில பாடல்களைக் கேட்கவும் கேட்டேன். இசை என் காதுக்கு ஏற்கவில்லை, இரைச்சலாக இருக்கிறது. கெட்ட வார்த்தைகளும் நிறைய. இயேசுவைப்பற்றி அவர்கள் சொன்னது எனக்கு வேதனை தந்தது. உனக்கு அதில் பிடித்தது என்ன?”

அப்போது அவன் பேசினான். ஒரு பெரிய கூட்டத்தில் ஒலியமைப்புக்கு உதவியாக அவன் மூன்று நாள் வேலை செய்திருக்கிறான். அது எங்கள் சபையின் கூட்டமல்ல. எதுவென்று எழுதவேண்டிய அவசியமும் இல்லை. சாலை நெடுகிலும் பேச்சாளரின் முகம் ஓர் ஆள் உயரத்துக்குப் பதாகைகளில் இருந்தது. இயேசுவின் பெயர் கீழ்மூலையில் இருந்தது. கூட்டம் முடியும் நேரத்தில் பாடல் தொகுப்பின் விலை மேடையிலிருந்து அறிவிக்கப்பட்டதாம். முதல்நாள் ஒரு விலை. ஜனங்கள் கண்ணீரோடு நின்ற மூன்றாம்நாள் வேறொரு விலை. இவனுடைய அம்மா அந்த மூன்றாம்நாள் மூன்று பிரதிகள் வாங்கியிருக்கிறார்கள்.

“கடவுள் இல்லை என்கிறவர்கள் ஏழை இளைஞனை ஏமாற்றக்கூடாது என்று அட்டையிலேயே விலையை அச்சிடுகிறார்கள், ஐயா. கடவுள் உண்டு என்கிற நாம் ஏன் அதைச் செய்வதில்லை?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. எலிசாவின் வேலைக்காரனாகிய கேயாசியை நினைத்துக்கொண்டேன். தேவன் இலவசமாய்க் கொடுத்த சுகத்துக்குப் பின்னால் ஓடிப்போய் வெள்ளியும் வஸ்திரமும் வாங்கினவன் அவன். குஷ்டம் நாகமானை விட்டு அவனைப் பிடித்தது. வேதம் இந்தக் கேள்வியை மறைத்து வைக்கவில்லை. நம் சரித்திரத்திலும் பதில் உண்டு. இங்கிலாந்திலேயே பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி ஏழைகள் வாங்கும்படி மலிவான சிறு நூல்களை அச்சிட்டுப் பரப்பினார். அட்டையில் விலையை அச்சிடும் நேர்மையை நாம் புறம்பானவர்களிடம் கற்கவேண்டியதில்லை. அது நம் முற்பிதாக்களின் வழக்கமே. இதை அந்தத் தம்பியிடம் சொன்னேன்.

பிறகு, “நான் ஒன்று கேட்கிறேன். அவர்கள் விலையில் நேர்மையாக இருந்தார்கள் என்பதால் இயேசுவைப்பற்றிச் சொன்னதும் உண்மையாகிவிடுமா?” என்றேன்.

“இல்லை, ஐயா.”

“கூட்டத்தில் விலையை ஏற்றினார்கள் என்பதால் அங்கே பிரசங்கிக்கப்பட்ட இயேசு பொய்யாகிவிடுவாரா?”

அவன் பதில் சொல்ல வெகுநேரமாயிற்று. “அதுதான் எனக்குத் தெரியவில்லை” என்றான். அவன் திருவிருந்தில் சேராமலிருந்த காரணம் எனக்கு அப்போது விளங்கியது. அந்தச் சட்டையின்மேல் பழிபோட்டு அதை எரித்திருந்தால், இந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே புதைந்திருக்கும்.

எந்த இயேசுவைத் தூஷித்தார்கள்?

கிராஸ் குழுவினரின் கோபத்துக்கு ஒரு பின்னணி உண்டு. ரிம்போ 1943-இல், யுத்தத்தின் நடுவே பிறந்தவர். யுத்தம் முடிந்து வீடு திரும்பிய தகப்பன் தமக்கு அந்நியராக இருந்ததை அவர் எழுதியிருக்கிறார். அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் 1975-இல் கைதாகி, மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, வெளிவந்த சில காலத்தில் இறந்துபோனார். அரசு அதிகாரமே அந்த மரணத்துக்குக் காரணம் என்று ரிம்போ நம்பினார். அரசும் படையும் ஆலயமும் ஒரே சுவரின் மூன்று கற்கள் என்பது அவர்கள் முடிவு. அவர்கள் கண்ட இயேசு, பீரங்கிகளை ஆசீர்வதிக்கும் இயேசு. அந்த இயேசுவை நானும் அறியேன்.

ஆனால் அவர்கள் காணத்தவறிய ஒன்றும் உண்டு. 1982-இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஃபாக்லாந்து தீவுகளுக்காக யுத்தம் நடந்தது. பிரிட்டன் தரப்பில் 255 பேரும் அர்ஜென்டினா தரப்பில் 649 பேரும் மாண்டார்கள். கிராஸ் குழு பிரதமர் மார்கரெட் தாட்சரைச் சாடி ஒரு தட்டு வெளியிட்டது. அது பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் ஆராதனை நடந்தது. கான்டர்பரி பேராயர் இராபர்ட் ரன்சி வெற்றிமுழக்கம் செய்யவில்லை; துக்கத்திலிருந்த இருநாட்டுக் குடும்பங்களையும், எதிரியின் தாயையும் நினைவுகூர்ந்தார். ஆளுங்கட்சியில் பலர் அவர்மேல் எரிச்சலடைந்தார்கள். இரண்டாம் உலகயுத்தத்தில் பீரங்கிவண்டிப் படையில் போரிட்டு வீரப்பதக்கம் பெற்றவர் அவர்; யுத்தம் என்னவென்று அறிந்து பேசினார். ஆலயத்துக்குள்ளும் மனச்சாட்சி இருந்தது. சுவருக்கு வெளியே வண்ணம் பீய்ச்சிக்கொண்டிருந்தவர்களின் காதில் அது விழுந்ததோ இல்லையோ, நம் காதில் விழவேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். முதல் தட்டு ‘ஐயாயிரம் பேரைப் போஷித்தல்’, இரண்டாவது சிலுவைப்பாதை, 1982-இல் வந்த தொகுப்பின் பெயரிலேயே கிறிஸ்துவின் பெயர். முன்னரே குறித்தபடி 1984-இல் குழு கலைந்தது. வேலைநிறுத்தத்திலிருந்த சுரங்கத் தொழிலாளருக்காக வேல்ஸ் நாட்டில் பாடியதே இறுதி நிகழ்ச்சி. ஸ்டீவ் இக்னோரண்ட் 2011-இல் அந்தப் பழைய பாடல்களைக் கடைசியாகப் பாடி முடித்த நிகழ்ச்சிகளுக்கு வைத்த பெயர் ‘கடைசி இராப்போஜனம்’. அவரே பின்னாளில் நார்ஃபோக் கடற்கரையில், கடலில் தவிப்போரை மீட்கும் படகில் தன்னார்வலராகச் சேவை செய்தவர். வேதத்தை எதிர்த்தவர்கள் கடைசிவரை வேதத்தின் சொற்களையே கையிலெடுத்தார்கள். இதை நான் வெற்றியாகச் சொல்லவில்லை. கேலியாக எடுத்தாலும் அந்தச் சொற்களுக்கு ஈடாக வேறு சொற்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். தேவனோடு வழக்காடின யோபுவையும், கோபித்துக்கொண்டு பட்டணத்துக்கு வெளியே உட்கார்ந்த யோனாவையும் வேதம் தன் பக்கங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கோபிக்கிறவனோடு பேச இடமுண்டு. கவலையற்று அப்பால் போகிறவனோடு பேசுவதுதான் கடினம்.

சபையில் நடந்தது

அந்த மாதம் எங்கள் சபைக்குழுவில் ஒரு பொருளை வைத்தேன். ஆண்டுக் கூட்டத்துக்கான பாட்டுப்புத்தகம் அச்சுக்குப் போகவிருந்தது. அச்சுச்செலவைப் பிரதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 38 ரூபாய் வந்தது. “விலை 40 ரூபாய், இதற்குமேல் கொடுக்கவேண்டாம்” என்று மேலட்டையில் அச்சிடலாம் என்றேன். மூப்பர் ஒருவர், “ஐயா, காணிக்கையாக அதிகம் கொடுக்க விரும்புகிறவர்களைத் தடுப்பானேன்?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. கொடுக்க விரும்புகிறவர்களுக்குக் காணிக்கைப்பெட்டி இருக்கிறது. புத்தகத்தின் விலையையும் காணிக்கையையும் கலக்கவேண்டாம் என்று முடிவாயிற்று. சுவரொட்டியில் என் படம் வேண்டாம் என்றும், இடம், நாள், நேரம் ஆகியவற்றைப் பெரிதாக அச்சிட்டால் போதும் என்றும் கேட்டுக்கொண்டேன். வசாய் முதல் கல்யாண் வரை வேலை முடிந்து ஓடிவருகிறவர்களுக்குத் தேவை அந்த மூன்று விவரங்கள்தானே!

அந்தத் தம்பி அட்டையை வடிவமைத்துக் கொடுத்தான். அவனுடைய கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று எழுதினால் அது சாட்சிக்கு அழகாயிருக்கும், ஆனால் உண்மையாயிராது. சென்ற மாதம் திருவிருந்தில் கலந்துகொண்டான்; இந்த மாதம் கலந்துகொள்ளவில்லை. பேஸ் கிதார் வாசிக்கிறான். மாதம் ஒருமுறை என்னோடு தேநீர் குடிக்கிறான். அந்தத் தாய் என்னிடம், “ஐயா, அவன் உள்ளே இருக்கிறானா, வெளியே இருக்கிறானா?” என்று கேட்டார்கள். “அம்மா, அவன் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறான். நாம் கதவைச் சாத்தாமலிருப்போம்” என்றேன்.

பிரியமான பெற்றோரே, பதின்மூன்று வயதுப் பிள்ளை இத்தகைய பாடல்களைக் கேட்க விடவேண்டாம். அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் உங்கள் பிள்ளைக்கு இருபத்துநான்கு வயதானால், அவன் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சட்டையை நீங்கள் எரிப்பதால் அவன் உள்ளத்திலுள்ள ஒரு நூலும் கருகாது. அந்தப் பாட்டில் உனக்குப் பிடித்தது என்ன என்று கேளுங்கள். எது உன்னைக் கோபப்படுத்தியது என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசாதிருங்கள்.